ஏழாவது நிமிடத்து நாற்பது வினாடி

ஜூன் 10

பிரெய்ரி லேன்டர்ன்ஸ் இந்த வருடம் குழாய் வியாபாரத்தில் இறங்கிவிட்டார்கள்.

அணிவகுப்பு வாத்தியக் குழுக்களின் கோடைச் சீசனில் முதல் போட்டியை நேரலையில் பார்த்தேன். நூற்றைம்பது பிள்ளைகள், பித்தளை வாத்தியங்களும் மேளங்களும், கால்பந்து மைதானத்தின் நடுவில் பதினைந்தடி உயரத்துக்கு நீல நிறத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். சுற்றிலும் வளைந்து நெளிந்து இன்னும் பத்து. காட்சியின் பெயர் ‘தாகம்’. பாலைவனப் புழுதி என்று எல்லோர் மூக்குக்கும் மேலே ஒரு துணி, தலையில் முக்காடு. வாசிக்கும்போது மட்டும் துணியை இறக்கிக்கொள்கிறார்கள். வடிவமைப்பாளர் டாரியன் பேட்டியில் சொல்கிறார், மனித இருப்பின் வறட்சியாம். வறட்சிதான். பதினொரு நிமிடம் பார்த்தேன், முணுமுணுக்க ஒரு மெட்டு தேறவில்லை. பிள்ளைகள் வாசித்த நேரத்தைவிடக் குழாய் தள்ளிய நேரம் அதிகம்.

நடுவர்கள் 67.4 போட்டிருக்கிறார்கள். அதில் குழாய்க்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு? நான் மேளம் அடித்த காலத்தில் நூறில் தொடங்குவார்கள். தப்புக்கு ஒரு கோடு, கோட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொண்டே வருவார்கள். நடுவர் பக்கத்தில் வந்து நின்றாலே குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். இப்போது ‘தாக்கம்’ என்று ஒரு பிரிவு. நடுவருக்குப் புல்லரித்தால் மதிப்பெண், அரிக்காவிட்டால் இல்லை.

ஜூன் 11

இணையத்து ரசிகர் மன்றத்தில் எழுதினேன்: “இது ‘தாகம்’ அல்ல, குழாய்க் கடை. திருகினால் காற்றுதான் வருகிறது.” சாயங்காலத்துக்குள் முந்நூறு பேருக்குப் பிடித்துவிட்டது.

அங்கே என் பெயர் ‘மைனஸ்’. பதினெட்டு வருடமாக அதே பெயர். மைனஸ் யாரோ ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டுமே. அறுபது வயதுப் பொம்பளை, சீஸ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் என்று தெரிந்தால் பாதிப் பேர் பயப்படுவதை நிறுத்திவிடுவார்கள். பகலெல்லாம் சீஸ் கட்டியில் குத்தூசியைச் சொருகி முகர்ந்து பார்த்து மதிப்பெண் கழிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் இது.

ஜூன் 14

பிரிட்டா பேசினாள். லேன்டர்ன்ஸ் பஸ்ஸிலிருந்து. பின்னால் ஒரே கூச்சல்.

“அத்தை, உக்காந்திருக்கியா? இல்லேன்னா உக்காரு. அந்தப் பெரிய குழாய் உச்சியில ஏறி நின்னு நாப்பது செகண்ட் தனியா வாசிக்கப் போறது யாரு தெரியுமா? நான்! ஏழாவது நிமிஷம். இருபத்தி நாலாம் தேதி லா கிராஸ் போட்டியிலேர்ந்து சேக்கறாங்க.”

என் தம்பி டெல்மரின் ஒரே மகள். மெல்லோஃபோன் வாசிக்கிறாள். ட்ரம்பெட்டைக் கொஞ்சம் குண்டாக்கினால் அதுதான். பன்னிரண்டு வயதில் அதைக் கையில் கொடுத்தது நான். நாலு வருடமாக லேன்டர்ன்ஸில் இருக்கிறாள், இதுவரை கூட்டத்தில் ஒருத்தி. இருபத்தொன்று முடிந்தால் இந்தப் போட்டியில் இடமில்லை. அக்டோபரில் அவளுக்கு முடிகிறது. இதுதான் கடைசிக் கோடை.

“அப்பாவுக்கு ஆகஸ்ட் பன்னெண்டு சனிக்கிழமை டிக்கெட் வாங்கிட்டேன்.”

“சனிக்கிழமை இறுதிப் போட்டிடீ. முதல் பன்னெண்டு குழுதான் ஆடும். போன வருஷம் நீங்க பதினஞ்சு.”

“இந்த வருஷம் பன்னெண்டு.”

“அந்தக் குழாயை வச்சுக்கிட்டா?”

“நீ அப்படியே அந்த மைனஸ் மாதிரியே பேசற அத்தை! அவன் எழுதறத பஸ்ல நான்தான் எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டுவேன். கிழவன் குரல்ல. செத்துருவாங்க சிரிச்சு.”

ஜூன் 18

டெல்மரின் மாட்டுக் கொட்டகை. நூற்றுப் பத்து பசு, ஒரு நாளைக்கு இரண்டு முறை கறக்க வேண்டும். நாலு கோடையாக மகளின் ஒரு காட்சியைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆகஸ்ட் பன்னிரண்டு ஒரு நாளுக்கு மட்டும் பக்கத்துப் பண்ணைக்காரன் வந்து கறக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை மட்டும்தான்.

“எனக்கு இந்தக் கருமம் ஒண்ணும் புரியாது அக்கா. நூத்தம்பது பேரும் ஒரே டிரெஸ், மூஞ்சில துணி வேற. இதுல என் பொண்ணு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? என் மாடுன்னா காதுல நம்பராச்சும் இருக்கும். நீ பக்கத்துல உக்காரு. அவ தனியா வாசிக்கறப்ப என்னை ஒரு இடி இடி. போதும்.”

“இடிக்கிறேன்.”

“நல்லா இடிக்கணும். நான் தூங்கிருப்பேன்.”

ஜூன் 24

லா கிராஸ். பீர், பிராட்வர்ஸ்ட் சாஸேஜ், கொசு. என் வரிசைக்கு முன்னால் நாலு பேர் கழிப்பறை அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லேன்டர்ன்ஸ் மைதானத்துக்குள் வரும்போது அதை ஆட்டினார்கள். ‘குழாய்க் கடை’ என்று அட்டை வேறு. என் வார்த்தை! எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், இது என் நோட்டுதானே.

ஏழாவது நிமிடம். பிரிட்டா ஏறினாள். துணியை இறக்கினாள். முப்பது வினாடி அழகாக வந்தது. மேலே போகும் அந்தக் கடைசி ஸ்வரம் உடைந்தது. லேசாக அல்ல. தட்டு விழுந்து உடைந்த மாதிரி. ரப்பர்க் கட்டைக்காரன் ஒருவன் கட்டையால் ‘ப்ளக்’ என்று சத்தம் எழுப்பினான். நாலு வரிசை சிரித்தது.

நானும் சிரித்தேனா? இல்லை. வாய் கொஞ்சம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜூன் 25

லா கிராஸ் விமரிசனம் போட்டுவிட்டேன். டாரியனை, குழாயை, தாக்கத்துக்கு ஆறாவது இடம் கொடுத்த நடுவரை எல்லாம் வறுத்தாயிற்று. தனி வாசிப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

ஜூன் 26

‘ஒன்பதாம் வரிசை’ என்று ஒரு ஆள். மன்றத்தில் எனக்கு ஆகாதவன். எழுதியிருக்கிறான்: “பதினெட்டு வருடமாக ஒவ்வொரு தப்பையும் எண்ணிய மைனஸ், லா கிராஸில் ஊரே கேட்ட ஒரு தப்பை மட்டும் எண்ணவில்லை. அந்த மெல்லோஃபோன் பெண் யாருக்குச் சொந்தம்?”

கீழே எழுபது பேர். “மைனஸுக்கு வயதாகிவிட்டது.” “மைனஸுக்கும் ஒரு விலை இருக்கிறது போலும்.”

என்ன தெரியும் இந்த நாய்க்கு? நேற்று முளைத்தவன். மேளக் குச்சியைத் தொட்டிருப்பானா?

ஜூன் 27

இன்றும் உடைந்தது. மூன்று போட்டி, மூன்று முறை. நேரலைப் பதிவில் ஒலியை ஏற்றி வைத்து நாலு தரம் கேட்டேன். காற்று போதவில்லை. அந்த ஸ்வரத்துக்கு முன்னால் அவள் மூச்சு எடுக்கும் விதமே தப்பு. சின்ன வயதிலிருந்து சொல்கிறேன், திருந்தவில்லை.

தொழிற்சாலையில் இன்று ஒரு வண்டி செடார் சீஸ் முழுவதையும் திருப்பி அனுப்பினேன். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. என் பெரியப்பா மகன் பண்ணைப் பால் அது. தெரிந்துதான் அனுப்பினேன். சொந்தம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டால் அப்புறம் நான் எதற்கு?

ஜூன் 28

எழுதிவிட்டேன். இங்கே நகல் எடுத்து வைக்கிறேன், பிறகு நானே மழுப்பக் கூடாது:

“லேன்டர்ன்ஸின் பதினோரு குழாய்களில் ஒன்றுதான் நிஜமாகவே ஒழுகுகிறது. அது ஏழாவது நிமிடத்தில், உச்சியில் நின்றுகொண்டு ஒழுகுகிறது. மூன்று போட்டி, மூன்று உடைசல். நாற்பது வினாடி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் தவறான காரணத்துக்காக. இந்தப் பெண் வாயின் வலது ஓரத்தால் மூச்சை உறிஞ்சுகிறாள், மிச்சம் வைத்த சூப்பை உறிஞ்சுவது போல. அந்தக் காற்றில் உச்ச ஸ்வரம் வராது. இந்த ஆகஸ்டில் வராது, எந்த ஆகஸ்டிலும் வராது. பன்னிரண்டாம் இடம் வேண்டுமானால் டாரியன் அவளைக் கீழே இறக்கட்டும். குழாய் தள்ள ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.”

அனுப்பு பொத்தானை அழுத்துவதற்கு முன் எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். வந்து அழுத்தினேன்.

ஜூன் 29

எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். என் பதினெட்டு வருடத்தில் இதுதான் அதிகம். ஒன்பதாம் வரிசை: “மன்னிக்கவும் ஐயா. தராசு தராசுதான்.”

ஜூலை 2

பிரிட்டா கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாப்பாடு, வெயில், ஜிம் தரையில் தூக்கம், ஷூ தேய்ந்தது. கடைசியில்,

“லா கிராஸ்ல எப்படி இருந்துச்சு அத்தை? நீ நேர்ல பாத்தியே. உண்மையைச் சொல்லு.”

“நல்லா இருந்துச்சு கண்ணு.”

“அந்தக் கடைசி ஸ்வரம்?”

“அதுல என்ன? ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“சரி” என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 9

நடுவர்கள் காட்சி நடக்கும்போதே பேசிப் பதிவு செய்வார்கள். பிள்ளைகள் அதை மறுநாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். தாக்கத்துக்கான நடுவர் நேற்று என்ன சொன்னார் என்று பிரிட்டா சொன்னாள்: “ஏழாவது நிமிஷத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஆனா தப்பான காரணத்துக்காக.”

என் வரி! வார்த்தைக்கு வார்த்தை என் வரி. நடுவர்கள் மன்றத்தைப் படிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். படிக்கிறார்கள். என்னைப் படிக்கிறார்கள்.

 நான் “அடப்பாவி” என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 12

பதினான்காம் இடம். அசையவே இல்லை.

ஜூலை 15

டெக்சாஸ். ஏழாவது நிமிடம் வந்தது. குழாய் உச்சி காலி. அந்த இடத்தில் நாற்பது வினாடி மேளம், அதிர்ந்தது. பிரிட்டாவைத் தேடினேன். வலது ஓரத்தில், மெல்லோஃபோனைத் தரையில் வைத்துவிட்டு இன்னும் மூன்று பேரோடு குழாய் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மதிப்பெண் 1.3 ஏறியிருக்கிறது. பன்னிரண்டாம் இடத்துக்கு இன்னும் பத்தில் நான்கு.

ஜூலை 16

மன்றத்தில் திருவிழா. “மைனஸ் சொன்னார், டாரியன் செய்தார்.” யாரோ எனக்குக் கிரீடம் வைத்துப் படம் போட்டிருக்கிறார்கள்.

நான் சொன்னது சரி. காதுள்ள எவனும் சொல்வான். அவள் வாசித்திருந்தால் குழு பதினான்காம் இடத்தில் கிடந்திருக்கும், சனிக்கிழமை ஆட்டம் கிடையாது, டெல்மர் காலி மைதானத்தைத்தான் பார்த்திருப்பான். யோசித்துப் பார்த்தால் அவனுக்கு உபகாரம்தானே செய்திருக்கிறேன்?

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 17

மூன்று முறை கூப்பிட்டேன். ஒரு செய்தி வந்தது: “பஸ்ல தூங்கறேன். எல்லாம் ஓகே.”

ஜூலை 23

டெல்மர் வெள்ளைச் சட்டை வாங்கியிருக்கிறான். மகள் வாசிப்பதைப் பார்க்க. கடைசியாக அவன் சட்டை வாங்கியது அவன் கல்யாணத்துக்கு. பிரிட்டாவின் அம்மா அரிசோனாவுக்குப் போய்ப் பதினைந்து வருடமாகிறது.

“ஏழாவது நிமிஷம்தானே அக்கா? கடிகாரம் பாத்துக்கறேன். பிரிட்டா போன்ல ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா. ‘வந்து பாருப்பா’ன்னு மட்டும் சொல்றா. கள்ளி.”

அவளும் அவனிடம் சொல்லவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “சட்டை நல்லா இருக்கு” என்று வந்தது.

ஆகஸ்ட் 2

விரல் நகத்தை எல்லாம் கடித்துத் துப்பியாகிவிட்டது. வேலையில் நல்ல சீஸுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேலாளர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 11

அரையிறுதி. லேன்டர்ன்ஸ் பன்னிரண்டு. பதின்மூன்றாவது குழுவைவிடப் பத்தில் ஒரு பங்குதான் அதிகம். நேரலையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவதைக் காட்டினார்கள். பிரிட்டாவும் குதித்தாள். நிஜமாகவே குதித்தாள். மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாக.

டெல்மர் போன் செய்தான். “பன்னெண்டாமே! பாத்தியா? காலையில நாலு மணிக்குக் கறந்துட்டு உன் வீட்டுக்கு வரேன். ரெடியா இரு.”

ஆகஸ்ட் 13

இறுதிப் போட்டி நடந்த இண்டியானாபொலிஸிலிருந்து திரும்பியாயிற்று. எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நாளடைவில் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

ஆறு மணி நேரப் பயணம். வழி முழுக்க டெல்மர் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினான். மாட்டு வாடை போக இரண்டு முறை குளித்திருந்தான். போகவில்லை. எங்கள் இருக்கை மேலே, கூரைக்குப் பக்கத்தில். கீழே எல்லாம் எறும்பு.

லேன்டர்ன்ஸ் நுழைந்தார்கள். டெல்மர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

“ஆறு நிமிஷம் ஆச்சு அக்கா.”

“ம்.”

“ஏழு. இப்பவா?”

மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. குழாய் உச்சியில் ஒருவரும் இல்லை. அவன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். அவனுக்கு உச்சி என்றுகூடத் தெரியாது, ஏழு என்று மட்டும்தான் தெரியும்.

“இப்பவா அக்கா? இதுல எது?”

“இன்னும் இல்ல. மாத்திட்டாங்க. கொஞ்சம் தள்ளி வரும்.”

எட்டு. ஒன்பது. வலது ஓரத்தில் நாலு பேர் குழாய் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஆள் அவள். நடை எனக்குத் தெரியும். டெல்மர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குழாய் தள்ளுகிறவர்களை யார் பார்ப்பார்கள்?

“முடியப் போகுதா? அக்கா, முடியப் போகுதா?” அவன் குரல் உடைய ஆரம்பித்தது. ஐம்பத்தி நாலு வயது ஆள். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தான்.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு ட்ரம்பெட் தனியாக முன்னால் வந்தது. முக்காடு, பளபளக்கும் பித்தளை. எட்டுத் தப்படி, பத்து வினாடி வாசிப்பு. சுத்தமான உச்ச ஸ்வரம்.

நான் அவனை இடித்தேன். விலாவில். பலமாக.

“அதோ.”

எழுந்து நின்றுவிட்டான். “பிரிட்டா! ஏய் பிரிட்டா!” முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “என் பொண்ணு! அது என் பொண்ணுங்க!” போனை எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தான்.  கண்ணில் தண்ணீர். முன்னால் இருந்த ஒரு கிழவர் திரும்பி அவன் கையைக் குலுக்கினார்.

நான் உட்கார்ந்திருந்தேன். இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. ஆனால் மறுபடி அந்த இடத்தில் உட்கார வைத்தாலும் இடித்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு பஸ் நிறுத்துமிடம். வயது முடிந்த பிள்ளைகள் எல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். பிரிட்டா எங்களைப் பார்த்து வந்தாள். டெல்மர் அவளைத் தூக்கியே விட்டான்.

“என்ன வாசிப்புடீ! அந்தக் கடைசியில மேல போனியே, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு!”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னை.

“எங்கேருந்து பாத்தீங்கப்பா?”

“கூரைல இருந்து! ஆனா அத்தை கரெக்டா காட்டினா. விலா எலும்பு போச்சு, பாரு. ஏழாவது நிமிஷம்னு சொன்ன, பத்தாவதுல வருது, எனக்கு உயிரே போயிடுச்சு. இந்தா, படம் பாரு.”

அவள் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினாள். படத்தில் இருந்தது ஒசாகாவிலிருந்து வந்த ட்ரம்பெட் பையன். கோடை முழுவதும் அவளோடு ஒரே பஸ்.

“உயரமா தெரியற இல்ல?” என்றான் டெல்மர். “அந்த ஷூ போலிருக்கு.”

“ஆமாம்பா. ஷூதான்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “ரொம்ப நல்லா வந்திருக்கு. எனக்கு அனுப்புப்பா.”

அவன் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருகிறேன் என்று போனான். அவளுக்கு இன்னும் ஏழு வயது என்று நினைப்பு.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

“ஜூன் இருபத்தெட்டுலேர்ந்து தெரியும்” என்றாள். “மைதானத்துல உக்காந்திருக்கறவனுக்கு என் வாயோட ஓரம் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும். பன்னெண்டு வயசுலேர்ந்து அதைச் சொல்லித்தான் திட்டுவ.”

நான் கைப்பை வாரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“பஸ்ல சத்தமா படிச்சுக்கிட்டு இருந்தேன். கிழவன் குரல்ல. ஒழுகுதுன்னு வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் அந்த சூப்பு வந்துச்சு.”

“நிறுத்திட்டியா?”

“நிறுத்தினா தெரிஞ்சிருமே. கடைசி வரைக்கும் படிச்சேன். அதே குரல்ல.”

“பிரிட்டா, நான் எழுதினது—”

“எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. மூணு தடவை நான்தான் உடைச்சேன். அதுக்கப்புறம் அஞ்சு தடவை உடைஞ்சுது. ஏணில ஏறும்போதே எந்தக் காத்தை எந்த ஓரத்துல இழுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே ஏறினா உடையாம என்ன பண்ணும்? போகட்டும். நான் போன் பண்ணிக் கேட்டேன் பாருங்க, உண்மையைச் சொல்லுன்னு. எழுநூறு பேருக்குச் சொன்ன உண்மை. எனக்குச் சொல்ல வாய் வரல உங்களுக்கு.”

டெல்மர் மூன்று ஐஸ்கிரீமோடு வந்துகொண்டிருந்தான். கையெல்லாம் வழிந்தது.

“அப்பாகிட்ட சொல்லாதீங்க. என்னிக்கும்.”

சொல்லவில்லை. ஐஸ்கிரீம் தின்றேன்.

ஆகஸ்ட் 14

மைனஸ் கணக்கை மூடிவிட்டேன். மன்றத்தில் இரங்கல் கூட்டம் நடத்துகிறார்கள், இறந்துவிட்டார் என்று நினைத்து. ஒன்பதாம் வரிசை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறான். நன்றாகவே எழுதியிருக்கிறான், படுபாவி.

செப்டம்பர் 30

பிரிட்டா மாடிசனில் ஒரு பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். டெல்மர் சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 19

அவள் பிறந்தநாள். இருபத்திரண்டு. கூப்பிட்டேன். எடுத்தாள். “நன்றி அத்தை. நீங்க எப்படி இருக்கீங்க?” பல் மருத்துவமனை வரவேற்பறையில் பேசும் குரல்.

நவம்பர் 23

நன்றி தெரிவிக்கும் நாள். டெல்மர் வீட்டில் சாப்பாடு. ஆகஸ்டில் மாடு கறந்து கொடுத்த பக்கத்துப் பண்ணைக்காரரும் அவர் மனைவியும், பிரிட்டா, நான்.

முன் அறைச் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே, அந்தப் படம். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மரச் சட்டத்தில். முக்காட்டின் நிழலும் பித்தளையும் முகத்தை மறைக்க, ஒசாகாப் பையன் வாசித்துக்கொண்டிருக்கிறான். கீழே பித்தளைத் தகட்டில் பிரிட்டா என்று பொறித்திருக்கிறது, தேதியோடு. பிரிட்டாவின் நாற்காலி அதற்கு நேர் கீழே.

பண்ணைக்காரர் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, “மூஞ்சியே தெரியலையே” என்றாள்.

“அதுதான் அந்த வருஷத்துக் காட்சி. புழுதியாம். அக்காதான் எனக்குக் காட்டினா. அக்காவுக்கு அதெல்லாம் அத்துப்படி. அக்கா, சொல்லேன். எப்படி வாசிச்சான்னு நீ சொன்னாத்தான் இவங்களுக்குப் புரியும்.”

வான்கோழித் தட்டு கை மாறிக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரிட்டா மட்டும் உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.

சொன்னேன். லா கிராஸில் நான் கேட்ட அந்த நாற்பது வினாடியைச் சொன்னேன். முன்னால் வந்தாள், துணியை இறக்கினாள், அரங்கமே அடங்கியது. முதல் முப்பது வினாடி எப்படி வந்ததோ அதை அப்படியே சொன்னேன், அதில் பொய் இல்லை. பிறகு கடைசி ஸ்வரம். உடையவில்லை என்றேன். சுத்தமாகப் போய் உட்கார்ந்தது என்றேன். இத்தனை வருடம் கேட்டதில் இதைவிட நல்லதாக ஒன்றும் கேட்டதில்லை என்றேன். பண்ணைக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரிட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நின்னுது? உங்களுக்கு ஞாபகம் இருக்கா அத்தை?”

“நாலு செகண்ட்” என்றேன்.

“என்னக்கா, நாலுங்கற!” என்றான் டெல்மர். “பத்து செகண்டாச்சும் இருக்கும். நான்தான் பாத்தேனே.”

“அப்பா சொன்னா சரியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னும் பாதி இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.